என் மாமியாரின் நெய் சிவந்த வாரம்

நான் பெரம்பலூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை பிறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே நின்ற பெண்கள் கல்லூரி. துறை என்றால் மொத்தம் மூன்று பேர்: துறைத்தலைவராக ஒரு மேடம், விரிவுரையாளனாக நான், லேப் அட்டெண்டராக ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணன். பாடம் பிரித்தபோது புரதத்தையும் மரபணுவையும் மேடம் எடுத்துக்கொண்டார். மாவுச்சத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த கொழுப்பு எனக்கு வந்தது.

வருத்தமில்லை. பார்க்கப்போனால் கொழுப்புதான் சுவாரசியமான விஷயம். ஒரு கிளிசரால், அதிலிருந்து தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். அவ்வளவுதான் எண்ணெய், அவ்வளவுதான் நெய். அந்த மூன்று வால்களும் நேராக இருக்கின்றனவா, நடுவில் இரட்டைப் பிணைப்பு வந்து வளைந்திருக்கின்றனவா என்பதை வைத்துத்தான் ஒன்று தட்டில் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று ஓடுகிறது. இதைக் கரும்பலகையில் படம்போட்டு விளக்கும்போது எனக்கு ஏதோ பெரிய ரகசியத்தை வெளியே விடுவதுபோல் இருக்கும். கடைசி பெஞ்சு தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண்வீடு உடையார்பாளையத்தை ஒட்டிய ஒரு கிராமம். முந்திரிக்கொல்லை, கொஞ்சம் நெல், இரண்டு எருமை. அந்த இரண்டு எருமைகளின் நெய்க்கு ஜெயங்கொண்டம் வரைக்கும் பேர் உண்டு என்று பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொன்னார்கள். சொன்னது என் மாமியார் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். மாமியார் என்னிடம் எதையுமே சொல்ல மாட்டார். அந்த வீட்டுப் பழக்கப்படி மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசக் கூடாது. நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவுங்களுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பார். என் மனைவி பக்கத்தில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வார். நான், "போதும்னு சொல்லு" என்று தூணைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

தலை தீபாவளி முடிந்து கிளம்பும்போது ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய நெய் கொடுத்து அனுப்பினார். பெரம்பலூர் வந்து திறந்தால், மணல் மணலாக உறைந்து, முருங்கைக்கீரை வாசனையோடு இருந்தது. சுடுசோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டே, நிதானமாக ஆற விட்டால்தான் இப்படி மணல் கட்டும், நேரான வால் உள்ள மூலக்கூறுகள் முதலில் ஒன்றுசேர்ந்து படிகமாகும், வளைந்தவை கடைசிவரை நழுவிக்கொண்டிருக்கும் என்று என் மனைவிக்கு விளக்கினேன்.

"ஏங்க, வாயில வச்சுக்கிட்டுப் பேசாதீங்க. சாப்புடுங்க" என்றாள்.

மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு உணவுக் கலப்படம் என்று ஒரு செய்முறை இருந்தது. நெய்யில் வனஸ்பதி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அதில் ஒன்று. உருக்கிய நெய் கொஞ்சம், அதே அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு சிட்டிகை சர்க்கரை. குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால், கலப்படம் இருந்தால் அடியில் தங்கும் அமிலம் ரோஜாச் சிவப்பாகும். உண்மையில் இந்தச் சிவப்பு வனஸ்பதியால் வருவதில்லை. நல்லெண்ணெயால் வருவது. வனஸ்பதி தயாரிக்கிறவர்கள் அதில் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. நெய்யில் அதை யாராவது ஒளித்துக் கலந்தால், நல்லெண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் செய்முறைக்கு இரண்டு மாதிரி வேண்டும். ஒன்று கலப்படமானது, இன்னொன்று சுத்தமானது. கலப்படம் கேண்டீனிலிருந்து சுலபமாகக் கிடைத்தது. சுத்தமானதற்கு அட்டெண்டர் அண்ணன், "கடைல வாங்கிட்டு வரட்டுங்களா சார்?" என்று கேட்டார்.

"எதுக்குண்ணே கடை? எங்க மாமியார் வூட்டு நெய் இருக்கு. அதைவிட சுத்தமானது இந்த மாவட்டத்துலயே கிடையாது" என்றேன்.

மாவட்டம் என்று நான் சொன்னதும் சின்ன விஷயமல்ல. அரியலூர் தனி மாவட்டமாகப் போய், மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்துகொண்டிருந்த சமயம் அது. மாமியார் ஊரும் என் ஊரும் ஒரே மாவட்டத்துக்குள் வந்திருந்தன.

லேபிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போய், நெய்யை உருக்கி அதில் ஊற்றிக்கொண்டு வந்தேன். வகுப்பில் அதை உயர்த்திப் பிடித்துக் காட்டினேன்.

"இது சுத்தமான எருமை நெய். எங்க மாமியார் கையால காய்ச்சினது. இதுல கலர் வராது. அந்தக் கேண்டீன் நெய்யில வரும். வித்தியாசத்தைப் பாத்து எழுதிக்கங்க."

இரண்டு சோதனைக் குழாய்களிலும் அமிலத்தை விட்டு, சர்க்கரையைப் போட்டு, குலுக்கி நிறுத்தினேன். முப்பது பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கேண்டீன் குழாய் சிவந்தது. தலையாட்டிக்கொண்டேன். அப்புறம் மாமியார் குழாயின் அடியில் மெல்ல ஒரு இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குள் அது கேண்டீன் குழாயைவிட நன்றாகவே சிவந்துவிட்டது.

முதல் பெஞ்சில் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள். "சார், இதுல எது சுத்தமானது சார்?"

அவ்வளவுதான். முப்பது பேரும் சிரித்தார்கள். அட்டெண்டர் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. நான் ஏதோ, சோதனையில் பிழை நேர்வது சகஜம் என்று சொல்லிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் சிவப்பு. "பாட்டில் நெய்யையே எல்லாரும் மூணு மூணு பேரா செஞ்சு பாருங்க" என்றேன் பிடிவாதமாக. பத்து குழாய், பத்தும் சிவப்பு. மேசை மேல் வரிசையாக நின்ற அந்தக் குழாய்களைப் பார்த்தால் கல்யாண வீட்டில் ரோஸ்மில்க் ஊற்றிவைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மனைவி நெய்க் கரண்டியோடு வந்தாள். என்னையறியாமல் கை இலையை மறைத்தது.

"வேணாம்."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல, சும்மாதான்."

"நேத்து வரைக்கும் ரெண்டு கரண்டி ஊத்துன்னீங்க. இன்னைக்கி என்ன?"

கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன ஆணுக்குப் பொய் சொல்லப் பழக்கம் இருக்காது. சொல்லிவிட்டேன். அவள் கரண்டியை டப்பாவுக்குள் வைத்தாள். டப்பாவை மூடினாள்.

"எங்க அம்மா வனஸ்பதி கலந்தாங்கன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. அமிலம் சொல்லுது."

"எங்க அம்மா தயிரு கடையிறப்ப நீங்க பாத்திருக்கீங்களா? விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு கடையிறாங்க. உங்க அமிலம் எத்தனை மணிக்கு எந்திரிச்சுச்சு?"

அடுத்த நான்கு நாள் எங்கள் வீட்டில் சமையல் கச்சிதமாக நடந்தது. ஆனால் எதிலும் ஒரு சொட்டு நெய் இல்லை, எண்ணெயும் இல்லை. தாளிக்காத ரசம், தாளிக்காத சாம்பார், சுட்ட கத்தரிக்காய். தோசைக் கல்லில் ஒட்டிப் பிய்ந்த தோசையைத் தட்டில் வைத்து, "கலப்படம் ஆகிடப் போவுதுன்னு எண்ணெ ஊத்தல" என்றாள்.

இந்தச் செய்தி எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் ஆறிப்போயிருக்கும். ஆனால் அந்த முப்பது பெண்களில் ஒருத்திக்கு உடையார்பாளையம் சொந்த ஊர். ஹாஸ்டலில் இருப்பவள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் மாமியார் காதுக்கு, மாப்பிள்ளை காலேஜில் முப்பது பேரைக் கூட்டிவைத்து மாமியார் நெய் கள்ள நெய் என்று நிரூபித்துவிட்டார் என்று போய்ச் சேர்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதே மூன்றாம் ஆண்டுப் பெண்களோடு லேபில் இருந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். "சார், உங்க வூட்டம்மாவும் இன்னோரு அம்மாவும் வந்திருக்காங்க. கையில தூக்குவாளி. கேட்டா, லேபு எங்கன்னு கேக்குறாங்க."

எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் என் மாமியார் முன்னால் வர, என் மனைவி வீட்டு நெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மாமியாரின் தூக்குவாளியில் ஈரத்துணி சுற்றியிருந்தது. அதற்குள் தண்ணீரில் மிதக்கும் வெண்ணெய். விடியற்காலையில் கடைந்து, முதல் பஸ்ஸில் ஏறி, அரியலூரில் இறங்கி வேறு பஸ் மாறி, வழி முழுவதும் வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வாங்க அத்தை" என்றேன்.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. அட்டெண்டர் அண்ணனைப் பார்த்தார். "இங்க அடுப்பு எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அட்டெண்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பன்சன் அடுப்பைக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். விஷயத்தை என் மனைவி இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். மேடம் சந்தோஷத்தை மறைக்க முயற்சி செய்யவேயில்லை. "நல்லதும்மா. முறையா செஞ்சு பாத்துருவோம்" என்று மாமியாருக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடச் சொன்னார். அதோடு, செய்முறை இல்லாத இரண்டாம் ஆண்டுப் பெண்களையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

என் மாமியார் ஸ்டூலில் உட்காரவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, வெண்ணெயை ஒரு பெரிய கண்ணாடி பீக்கரில் போட்டார். கண்ணாடியை அடுப்பில் வைப்பதா என்று முதலில் தயங்கினார். "வெடிக்காதுன்னு சொல்லுங்க" என்றேன் அட்டெண்டர் அண்ணனிடம். அவர், "வெடிக்காதும்மா" என்றார். வெண்ணெய் உருகி, நுரைத்து, சடசடவென்று பேசி, மெல்ல அடங்கியது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை எடுத்துப் போட்டார். பொரிந்த வாசனை லேபைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, இயற்பியல் துறைக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கதவோரம் முழுக்கத் தலைகள்.

நெய் ஆறட்டும் என்று காத்திருந்தபோது மாமியாரின் கண் கரும்பலகைக்குப் போனது. அதில் நான் காலையில் வரைந்த படம் இருந்தது.

"அது என்ன, மூணு பல்லு வச்ச சீப்பு?" என்று மகளிடம் கேட்டார்.

"அதாம்மா நெய்யி" என்றாள் என் மனைவி. நான் சொன்னதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். "பல்லு நேரா இருந்தா கட்டியா இருக்குமாம். கோணலா இருந்தா எண்ணெயா ஓடுமாம்."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "இருக்கும். நேரா இருக்குற சவுக்குக் கட்டைய அடுக்குனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கருவேல முள்ளு கோணக்க மாணக்க இருக்கும், எத்தனை அடுக்குனாலும் அடங்காது."

மேடம் என் பக்கம் திரும்பி, "இதைக் குறிச்சு வச்சுக்கங்க சார், அடுத்த வகுப்புக்கு ஆகும்" என்றார்.

"அப்ப அந்த வனஸ்பதி?" என்று மாமியார் கேட்டார். இந்த முறை யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் சோதனைக் குழாய் ஸ்டாண்டிடம் பதில் சொன்னேன். எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, கோணலை நிமிர்த்திக் கட்டியாக்குவதுதான் வனஸ்பதி. பார்க்க நெய் மாதிரி இருப்பதால் ஏமாற்றுவார்கள். அதனால்தான் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லிச் சட்டம்.

"களவாணி கையில கவர்மெண்டே மை தடவி விட்டுருக்கு, பாரேன்" என்றார் மாமியார். அந்தச் சட்டத்தை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

சோதனை தொடங்கியது. முதலில் அப்போது காய்ச்சிய நெய். அமிலம், சர்க்கரை, குலுக்கல். ஐந்து நிமிடம் ஐம்பது பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறமே இல்லை. அடுத்து வீட்டு டப்பாவில் இருந்த தீபாவளி நெய். அதிலும் நிறமில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு அடுத்த வாரம் வரைக்கும் தாளித்த ரசம் கிடையாது என்று தெரிந்தது.

"இப்ப அவுங்க கொண்டாந்த நெய்யப் பாக்கச் சொல்லு" என்றார் மாமியார்.

அலமாரியிலிருந்து பழுப்பு பாட்டிலை எடுத்தேன். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. குழாயில் விட்டுக் குலுக்கினேன். சிவந்தது.

ஒரே எருமை, ஒரே நெய், ஒரே டப்பா. அதிலிருந்து பாட்டிலுக்கு வந்தது மட்டும் சிவக்கிறது. குழாயை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். அதற்குள் மாமியார் கையை நீட்டி பாட்டிலை வாங்கிவிட்டார். அமிலமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை இழுத்தார்.

"நல்லெண்ணெ" என்றார்.

அட்டெண்டர் அண்ணன் தொண்டையைச் செருமினார். "சார், அது போன பிராக்டிகலுக்கு அயோடின் டெஸ்டுக்கு நல்லெண்ணெ ஊத்தி வச்சிருந்த பாட்டிலுங்க. சோப்புத்தூள் தீந்துபோச்சுன்னு நான் சொன்னப்ப, நீங்கதான் சார், தண்ணியில அலசி வச்சாப் போதும்னீங்க."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்க நினைத்துச் சொல்லவில்லை. பழி தன் மேல் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் சொன்னார். ஆனால் லேபில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கொழுப்பின் முதல் குணம் என்ன என்று கேட்டால், அந்த அறையில் இருந்த எந்தப் பெண்ணும் தூக்கத்திலேயே சொல்லிவிடுவாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தண்ணீரில் கரையாது.

என் மாமியார் திரும்பினார். கல்யாணமாகி முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, எண்ணெப் பாட்டில வெறுந் தண்ணியில அலசுனா போவுமா?"

"போகாது அத்தை" என்றேன்.

"பின்ன எதுல போவும்?"

"சோப்பு வேணும். சோப்போட ஒரு பக்கம் எண்ணெயப் பிடிச்சுக்கும், இன்னொரு பக்கம் தண்ணியப் பிடிச்சுக்கும். அப்படி இழுத்துக்கிட்டு வந்துரும்."

"தெரியுதுல்ல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேடம்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்தக் கூட்டமே சிரித்தது. என் மனைவி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். உடையார்பாளையத்துப் பெண்ணை மாமியார் கூப்பிட்டு, "இதையும் ஊர்ல போயி சொல்லு தாயி" என்று சொல்லி அனுப்பினார். அவள் அந்த வாரமே சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பீக்கர் நெய்தான் பாக்கி. லேப் பாத்திரத்தில் காய்ச்சியதைச் சாப்பிடக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொட்ட மாமியாருக்கு மனம் வரவில்லை. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் பெரம்பலூர் சிவன் கோயிலில் விளக்குக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மாமியார் என்னிடம் நேராகப் பேச ஆரம்பித்தார். ஒரு முறை பேசியாயிற்று, இனி மறைவதில் அர்த்தமில்லை என்று நினைத்திருப்பார். கூடவே எனக்கு இன்னொரு வேலையும் வந்தது. ஊரிலிருந்து யார் பெரம்பலூர் வந்தாலும், அவர்கள் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவார். சந்தையில் வாங்கிய மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பால்காரர் பால். "மாப்ளய லேபுல பாத்துச் சொல்லச் சொல்லு." நானும் பார்த்துச் சொல்வேன்.

அடுத்த வருடம் ஒரு பாட்டில் நெய் வந்தது. அது அவருடைய நாத்தனார் காய்ச்சியது. ஒரே தெரு, எதிர்வீடு. இருவருக்கும் நெய் விஷயத்தில் வெகுநாள் போட்டி. இந்த முறை குழாயை நானே சோப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, காயவைத்து, அதன்பிறகு செய்தேன். அழகான ரோஜாச் சிவப்பு. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் சிவந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "அம்மாகிட்ட இதச் சொன்னீங்கன்னா, ரெண்டு வூடும் இனி ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதுங்க. அடுத்த மாசம் அவுங்க வூட்டுல கல்யாணம். கலரு வரலன்னு சொல்லிடுங்க."

போனில் மாமியார் ஆர்வமாகக் கேட்டார். "என்ன மாப்ள, சிவந்துச்சா?"

"இல்ல அத்தை. சுத்தமான நெய்தான்."

"அப்படியா... நல்லது மாப்ள" என்றார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர்போல. நான் வாத்தியார் வேலைக்கு வந்து பொய்யாகச் சொன்ன ஒரே முடிவு அதுதான். குடும்பத்தைக் கட்டிக்காத்த பெருமையோடு போனை வைத்தேன்.

அந்த மார்கழியில் மாமியாரின் இரண்டு எருமைகளும் ஒரே சமயத்தில் கறவை நின்றுபோயின. பொங்கலுக்கு மகளுக்கு நெய் இல்லாமல் எப்படி என்று யோசித்தவர், மாப்பிள்ளையே சோதித்துச் சுத்தம் என்று சொன்ன நெய் எதிர்வீட்டில் இருக்கிறதே என்று போட்டியையெல்லாம் விட்டுவிட்டு, நாத்தனாரிடம் கேட்டு வாங்கி இரண்டு கிலோ கொடுத்து அனுப்பினார். டப்பாவைத் திறந்தோம். பனிக்குக் கல்லாக உறைந்து, மெழுகுபோல் வெள்ளையாக இருந்தது. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஊத்தவா?" என்றாள்.

இலையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். மாசி முடியும்வரை சாப்பிட்டோம்.